டிஸ்னிக்கும் யுனிவர்சலுக்கும் ஒரு திறந்த மடல்: போட்டியைச் சாதாரண வரிசையில் காட்டுங்கள்

ஃப்ளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட், யுனிவர்சல் ஆர்லாண்டோ ஆகிய இரு நிர்வாகத்தாருக்கும்,

வணக்கம். இரண்டு பேருக்கும் ஒரே மடலாக எழுதக் காரணம் இருக்கிறது. ஐ-4 நெடுஞ்சாலையை ஒட்டி, கிட்டத்தட்ட அரை மணி நேரக் கார் பயணத் தொலைவில் இருந்துகொண்டு நீங்கள் எல்லாவற்றிலும் மோதிக்கொள்கிறீர்கள். ஒருவரிடம் சிண்ட்ரெல்லா கோட்டை இருக்கிறது என்றால் இன்னொருவர் மந்திரப் பள்ளிக்கூடம் கட்டுகிறார். 2019-ல் டிஸ்னி விண்வெளிப் போருக்கென்று ஒரு பகுதியைத் திறந்தது. 2025 மே மாதம் யுனிவர்சல் எபிக் யூனிவர்ஸ் என்று ஒரு முழுப் பூங்காவையே திறந்துவிட்டது. இந்தப் போட்டியால் எங்களுக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உங்களுக்குள் போட்டியே இல்லை. கூடுதல் காசு கொடுப்பவருக்கு ஒரு வரிசை, கொடுக்காதவருக்கு ஒரு வரிசை. இதில் இரண்டு பேரும் ஒரே கட்சி. ரைடு, சாப்பாடு பற்றியும் சொல்லத்தான் போகிறேன், ஆனால் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்பேன்.

நான் அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழன். எங்களைப் போன்ற வீடுகளில் கோடை விடுமுறை என்றால் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்காது, யாராவது ஒருவர் ஆர்லாண்டோ பேச்சை எடுத்துவிடுவார். அப்புறம் வாரக்கணக்கில் எக்செல் தாளும் கையுமாக அலைவோம். எந்த நாளில் எந்தப் பூங்கா, எந்த ஹோட்டல், எத்தனை மணிக்கு எந்த ரைடு என்று. "டிஸ்னியா, யுனிவர்சலா?" என்று நண்பர்கள் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, "யார் யார் வருகிறார்கள்?" பதினாறு வயதுப் பையன்கள் என்றால் ஒரு பதில். மூட்டு வலியோடு ஒரு தாத்தாவும், ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு பேத்தியும் வருகிறார்கள் என்றால் வேறு பதில்.

ரைடு பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். வேகமும் வயிற்றைக் கலக்குவதும்தான் வேண்டும் என்றால் யுனிவர்சல்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2021-ல் வந்த வெலாசிகோஸ்டருக்கு ஈடான ரோலர் கோஸ்டர் டிஸ்னியின் நான்கு பூங்காக்களில் எதிலும் கிடையாது. ஹாரி பாட்டர் கதையை வைத்துக் கட்டிய ஹாக்ரிட் மோட்டார் பைக் ரைடில் கதையும் வேகமும் சேர்ந்திருக்கும் விதம் இன்னும் அழகு. 2019 ஜூனில் அது திறந்த அன்று வரிசை பத்து மணி நேரம் வரை போனது என்றால் மக்கள் எவ்வளவு ஆசையோடு வந்திருக்க வேண்டும், பாருங்கள். பெரிய ரைடுகளின் வாசலிலேயே சோதனை இருக்கை ஒன்றைப் போட்டிருப்பதும் நல்ல ஏற்பாடு. உடம்பு கொஞ்சம் பெருத்தவர்கள், பூட்டு விழுமா விழாதா என்று ஒரு மணி நேரம் நின்ற பிறகு எல்லார் முன்னாலும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆனால் யுனிவர்சல் தரப்பே, உங்கள் உயரக் கம்பைக் கொஞ்சம் பாருங்கள். ஹல்க் கோஸ்டரில் ஏறக் குறைந்தது 54 அங்குல உயரம் வேண்டும், அதாவது 137 செ.மீ. வெலாசிகோஸ்டருக்கு 51 அங்குலம். ஹாக்ரிட் ரைடுக்கும் ஹாக்வார்ட்ஸ் கோட்டைக்குள் இருக்கும் ஃபர்பிடன் ஜர்னிக்கும் 48. பாதுகாப்புக்கான விதி, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள், பாதிப் பேர் உள்ளே போவார்கள் என்பதுதான் நடைமுறை. உயரக் கட்டுப்பாடு குறைவாக இருக்கும் இடங்களிலோ பெரும்பாலும் திரைக்கு முன்னால் இருக்கையை ஆட்டுவதுதான் ரைடு. எங்கள் அம்மாக்களுக்கு அதுவே தலைசுற்றலுக்குப் போதும். திரையை நம்பாமல், சைக்கிள் மாதிரி ஒன்றில் உட்கார வைத்து மெதுவாகப் பறக்கவிடும் ஈ.டி. ரைடு 1990-லிருந்து உங்களிடமே இருக்கிறதே. அந்தப் பாணியில் இன்னும் நாலு கட்டினால் மூன்று தலைமுறையும் சேர்ந்து வரும்.

டிஸ்னி ஜெயிப்பது அந்த இடத்தில்தான். பைரேட்ஸ், ஹாண்டட் மேன்ஷன், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட், ஜங்கிள் குரூஸ், டுமாரோலேண்டுக்கு மேலே சுற்றிவரும் பீப்பிள்மூவர் எதற்கும் உயரக் கம்பு இல்லை. பாட்டியும் பேத்தியும் ஒரே படகில் உட்காரலாம். கோஸ்டர் என்றாலும் செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயினுக்கு 38 அங்குலம் இருந்தால் போதும். கிளிமஞ்சாரோ சஃபாரியில் நிஜ ஒட்டகச்சிவிங்கி வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றால் தாத்தாவே போனை எடுத்துப் படம் பிடிக்கிறார். குறை இல்லாமல் இல்லை. எவரெஸ்ட் ரைடுக்குள் இருக்கும் அந்தப் பிரம்மாண்டமான யெட்டி என்ற பனிமனிதப் பொம்மை, 2006-ல் ரைடு திறந்து கொஞ்ச காலத்திலேயே அசைவதை நிறுத்திவிட்டது. விளக்கை மினுக்கிச் சமாளிக்கிறீர்கள். ரசிகர்கள் அதற்கு டிஸ்கோ யெட்டி என்று பெயரே வைத்துவிட்டார்கள். இவ்வளவு டிக்கெட் காசு வாங்கும் நிறுவனம் ஒரு பொம்மையைப் பழுது பார்க்காமல் விட்டிருப்பதை இன்னும் எத்தனை வருடம் சிரித்துக் கடப்பது?

சரி, வரிசைக்கு வருவோம்.

1971 அக்டோபர் 1 அன்று டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்கா திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 3.50 டாலர். ரைடுகளுக்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். ஏ முதல் ஈ வரை ஐந்து வகை. நல்ல ரைடுகள் எல்லாம் ஈ சீட்டில் இருந்தன, அதற்கு 90 சென்ட். 1982-ல் அந்தச் சீட்டுப் புத்தகங்களை ஒழித்துவிட்டு, நுழைவுக் கட்டணம் கட்டினால் எல்லா ரைடும் உண்டு என்றீர்கள். 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. இயந்திரத்தில் டிக்கெட்டைச் செருகினால் எத்தனை மணிக்குத் திரும்பி வரலாம் என்று ஒரு துண்டுச் சீட்டு வரும், அந்த நேரத்தில் வந்தால் குறுகிய வரிசை, அவ்வளவுதான். எல்லாருக்கும் இலவசம். சீக்கிரம் எழுந்து வந்தவருக்கு நல்ல நேரம் கிடைத்தது. பிறகு அது கைப்பட்டைக்கும் செயலிக்கும் மாறியது. கொரோனாவில் பூங்காக்கள் மூடியபோது போனது, பழைய வடிவத்தில் திரும்பவே இல்லை. 2021 அக்டோபரில் அதே வசதிக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர் என்று ஜீனி பிளஸ் வந்தது. அடுத்த வருடமே நாளுக்கு ஒரு விலை. 2024-ல் பெயர் லைட்னிங் லேன் மல்டி பாஸ் ஆனது. ரொம்பப் புகழ்பெற்ற ரைடுகள் அதிலும் சேராது, அவற்றுக்குத் தனியாக சிங்கிள் பாஸ். அதே வருடம் அக்டோபரில் முன்கூட்டி நேரம் பிடிக்காமலே கட்டண வரிசைகளில் போக பிரீமியர் பாஸ் என்று ஒன்று வந்தது, பூங்காவையும் நாளையும் பொறுத்து 129 டாலரிலிருந்து 449 டாலர் வரை. இது நுழைவுச் சீட்டுக்கு மேலே, ஒரு ஆளுக்கு, ஒரு நாளுக்கு.

யுனிவர்சல் இதைச் சிரித்துக்கொண்டே வேடிக்கை பார்க்க முடியாது. உங்கள் கட்டண வரிசைச் சீட்டான எக்ஸ்பிரஸ் பாஸ் நெரிசல் நாட்களில் நுழைவுச் சீட்டின் விலையையே தாண்டிவிடுகிறது. போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று ஹோட்டல்களில் தங்கினால் பழைய இரண்டு பூங்காக்களுக்கும் அது இலவசம் என்கிறீர்கள். அந்த இலவசத்தின் விலை அறை வாடகையில் இருப்பது எங்களுக்குத் தெரியாதா? நான்கைந்து பேராகப் போகும் குடும்பத்துக்கு அந்த ஹோட்டல் கணக்கு சில சமயம் கட்டுப்படியாகிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கணக்குப் போட்டால் டிஸ்னியைவிட உங்கள் ஏற்பாடு புரிவதற்கு எளிது. ஒரு தடவை வாங்கினால் நாள் முழுவதும் போனை மறந்துவிடலாம். டிஸ்னியில் ஹோட்டலில் தங்குபவர் ஏழு நாள் முன்பும், மற்றவர் மூன்று நாள் முன்பும், விடியற்காலையில் எழுந்து நேரம் பிடிக்க வேண்டும். விடுமுறைக்கு வந்த இடத்திலும் நாள் முழுக்க நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகள் அணிவகுப்பைப் பார்க்கிறார்கள், அப்பா போனைப் பார்க்கிறார்.

கோயிலில் தர்ம தரிசனம், கட்டண தரிசனம் என்று இரண்டு வழி பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் காசுக்கு வரிசை என்பது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் தர்ம தரிசன வரிசைக்கு யாரும் கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் சாதாரண வரிசையில் நிற்பவர், நெரிசல் நாளில் ஆளுக்கு 200 டாலரை ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அங்கே நிற்கிறார். அவர் தானம் கேட்கவில்லை. வாங்கிய பொருளைக் கேட்கிறார்.

அந்தப் பொருள் எப்படித் தேய்கிறது என்று ஒரு சின்னக் கணக்கு. ஒரு ரைடு மணிக்கு 1500 பேரை ஏற்றும் என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் 1000 பேர் நிற்கிறார்கள். வேறு வரிசையே இல்லை என்றால் கடைசியில் நிற்பவருக்கு 40 நிமிடம். இப்போது மணிக்கு 1000 இருக்கையைக் கட்டண வரிசைக்கு ஒதுக்கிவிட்டால் சாதாரண வரிசைக்கு மிச்சம் 500. அதே 1000 பேர், அதே ரைடு, ஆனால் கடைசி ஆளுக்கு இரண்டு மணி நேரம். வரிசை நீளவில்லை, நகர்வதுதான் நின்றுபோனது. நின்றவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் ஒரு ஊழியர் கையை நீட்டி நம்மை நிறுத்திவிட்டு, பக்கத்து வழியில் ஆட்களை விட்டுக்கொண்டே இருப்பார். அந்த ஊழியர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு மேலே யாரோ சொன்ன விகிதத்தை அவர் செய்கிறார். அந்த விகிதம் என்ன என்பதுதான் என் கேள்வி.

கட்டண வரிசையில் போனவர் வீட்டுக்குப் போய்விடுவதும் இல்லை. மிச்சமான ஒரு மணி நேரத்தில் அவர் இன்னொரு ரைடின் சாதாரண வரிசையில் வந்து நிற்கிறார். ஒரு ரைடு பழுதாகி நின்றால் அதற்கு வாங்கிய லைட்னிங் லேன் வேறு ரைடுகளில் செல்லும் என்று மாற்றிக் கொடுக்கிறீர்கள். வாங்கியவருக்கு அது நியாயம். ஆனால் எங்கோ ஒரு ரைடு நின்றதற்கு, சம்பந்தமே இல்லாத இன்னொரு ரைடில் நிற்பவர் கூடுதலாக நிற்கிறார். பாஸ் எத்தனை விற்றாலும் ஒரு நாளில் இருக்கும் இருக்கைகள் அவ்வளவேதான். ஒருவர் சேமிக்கும் நேரத்தை இன்னொருவர் கொடுக்கிறார். நடுவில் காசு உங்களுக்கு.

இருக்கையைக் கூட்டும் வித்தையை உலகத்துக்குக் காட்டியதே டிஸ்னிதான் என்பது இதில் வேடிக்கை. இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் படகுகள் 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்தவை. வரிசை நிற்காமல் நகரும்படி, படகு படகாக ஆட்களை ஏற்றிக்கொண்டே போகும். 1967-ல் கலிஃபோர்னியாவில் உள்ள டிஸ்னிலேண்டில் நிற்காமல் ஓடும் வண்டிச் சங்கிலியைக் கொண்டுவந்தீர்கள். ஹாண்டட் மேன்ஷன் இன்றும் அதில்தான் ஓடுகிறது, வண்டி நிற்பதே இல்லை, நகரும் தளத்தில் நடந்தபடி ஏறிக்கொள்ள வேண்டும். வாசலில் 13 நிமிடம் என்று பலகை வைத்திருந்தால் அது பேய் வீட்டுக் கிண்டல், உண்மையில் அதைவிடச் சீக்கிரம் உள்ளே போய்விடலாம். பக்கத்தில் இருக்கும் பீட்டர் பான் ரைடோ ஒரு தடவைக்குச் சில பேரைத்தான் ஏற்றும். ஐம்பது வருடத்துக்கு மேலாக அங்கே வரிசை குறைந்து பார்த்தவர் அபூர்வம். ரைடு எவ்வளவு வேகமாக ஆட்களை ஏற்றி இறக்குகிறது என்பதுதான் வரிசையைத் தீர்மானிக்கிறது. இது உங்கள் பொறியாளர்களுக்கு அறுபதுகளிலேயே தெரிந்த பாடம்.

வரிசையே இல்லாமல் கூட்டத்தை வாங்கிக்கொள்ளும் இடங்களையும் இரண்டு பேரும் இடிக்கிறீர்கள். மேஜிக் கிங்டத்தில் இருந்த ஆறும், அதில் ஓடிய நீராவிக் கப்பலும், டாம் சாயர் தீவும் 2025 ஜூலையில் மூடப்பட்டன. அந்த இடத்தில் கார்ஸ் படத்தை வைத்து ரைடுகள் வரப்போகின்றன. யுனிவர்சல் 2023-ல் போசைடன்ஸ் ஃப்யூரியை மூடியது. நடந்தபடியே பார்க்கும் நிகழ்ச்சி அது, ஒரு பெரிய கூட்டம் குளிர்சாதன அறைகளுக்குள் போய்விடும். இவை இரண்டுமே யாரும் விமானம் ஏறி வந்து பார்க்கும் ஈர்ப்புகள் இல்லைதான். ஆனால் கப்பலில் காற்று வாங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் இப்போது ஏதோ ஒரு வரிசையில் நிற்கிறார்கள்.

காத்திருப்பைத் தாங்கக்கூடியதாக ஆக்கவும் உங்களுக்குத் தெரியும். 2012-ல் டம்போ யானை ரைடை இடம் மாற்றியபோது டிஸ்னி அதை இரண்டாக்கியது, வரிசையை ஒரு சர்க்கஸ் கூடாரத்துக்குள் கொண்டுபோனது. தொடங்கிய காலத்தில் கையில் ஒரு பேஜர் தருவார்கள். பிள்ளைகள் சறுக்கு மரத்தில் விளையாடலாம், பெரியவர்கள் உட்காரலாம், முறை வந்தால் அது ஒலிக்கும். இவ்வளவு எளிய யோசனை ஏன் பத்து ரைடுகளுக்குப் பரவவில்லை? யுனிவர்சலின் ஃபர்பிடன் ஜர்னி வரிசை கோட்டைக்குள்ளேயே வளைந்து போவதால், காத்திருப்பதே பாதி ரைடு மாதிரி. குழந்தையோடு வரும் பெற்றோர் முறை மாற்றிக்கொள்ள உங்கள் ரைடுகளில் உட்கார ஓர் அறையே இருக்கிறது, டிஸ்னி இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எபிக் யூனிவர்ஸில் மரங்கள் இன்னும் கன்றுகளாக இருக்கின்றன. ஆர்லாண்டோவின் ஜூலை வெயிலில் அங்கே நிழல் தேடுவதே ஒரு வேலை. பிற்பகலில் இடி மின்னல் என்றால் வெளிப்புற ரைடுகள் எல்லாம் நின்றுவிடும், ஒதுங்கக் கூரையும் குறைவு. அத்தனை கோடி செலவழித்த இடத்தில் நாலு பந்தல் போட என்ன ஆகிவிடும்!

பூங்கா வாசலுக்குப் போவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. மேஜிக் கிங்டத்துக்குக் காரில் வந்தால், நிறுத்தும் இடத்திலிருந்து ட்ராம், அப்புறம் மோனோரயில் அல்லது படகு, அதன் பிறகுதான் நுழைவாயில். யுனிவர்சலில் அடுக்கு மாடி நிறுத்தத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இதில் யுனிவர்சலுக்கு முழு மதிப்பெண், மேலே பேச ஒன்றுமில்லை.

சாப்பாட்டில் டிஸ்னி எங்கள் வயிற்றில் பால் வார்த்த ஒரு விதி உண்டு. வெளியிலிருந்து உணவு கொண்டுவரலாம் என்பது. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடாக்கத் தேவைப்படக் கூடாது. இந்த இரண்டும் புளியோதரைக்கும் சப்பாத்திச் சுருளுக்கும் ஒரு பிரச்சினையே இல்லை. கடுமையான வாடை அடிக்கக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. மாங்காய் ஊறுகாய் அதில் எந்தப் பக்கம் விழும் என்று நாங்கள் இதுவரை கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். யுனிவர்சல் சின்னத் தீனி, தண்ணீர், குழந்தை உணவு, மருத்துவக் காரணத்துக்கான உணவு என்று சுருக்கிவிடுகிறது. உணவகத்தில் ஆளுக்குக் கொடுக்கும் விலையைப் பார்த்தால், ஐந்து பேர் குடும்பத்துக்கு இந்த ஒரு விதியே பூங்காவைத் தீர்மானித்துவிடும். இதை உங்கள் விலைப்பிரிவு என்றைக்காவது கணக்குப் போட்டுப் பார்த்ததா?

உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்கு டிஸ்னியில் 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கிறது. ஹோட்டலில் தங்குபவர்கள் அதே நாளில் அடுத்த பத்து நாள் வரைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம். மிக்கி மவுஸ் மேசைக்கு வந்து பிள்ளைகளோடு படம் எடுக்கும் உணவகங்களுக்கு இது ஒரு ஓட்டப்பந்தயம். இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் மூன்று வயதுப் பெண்ணுக்கு எத்தனை மணிக்குப் பசிக்கும் என்று யாருக்குத் தெரியும்? வராவிட்டால் ஆளுக்கு 10 டாலர் பிடித்தம். பிடித்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் ஆளாளுக்கு நாலு இடத்தில் பதிவு செய்து வைப்பார்கள். அன்றன்றைக்கு வருபவர்களுக்கென்று கொஞ்சம் மேசைகளைத் தனியாக வையுங்கள் என்கிறேன். யுனிவர்சலில் அவ்வளவு திட்டமிட வேண்டியதில்லை. ஹாரி பாட்டர் பகுதியில் இருக்கும் லீக்கி கால்ட்ரன் உணவகத்தில் கவுண்டரில் சொன்னதும் ஊழியரே மேசைக்கு அழைத்துப் போகிறார், சாப்பாடும் அங்கே வருகிறது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, யார் எழுந்திருப்பார்கள் என்று அடுத்தவர் மேசையை வெறித்துப் பார்க்க வேண்டியதில்லை. துரித உணவு இடங்களில் இரண்டு பேருமே ஒரு கோப்பைக் குளிர்ந்த தண்ணீரை இலவசமாகக் கொடுப்பதற்கு நன்றி. கேட்டால்தான் தருகிறார்கள், கேட்கலாம் என்று பலருக்குத் தெரியாது.

சைவச் சாப்பாட்டில் டிஸ்னி ஒரு படி மேல். 2019-லிருந்து பால், முட்டை எதுவும் சேராத உணவுக்கு இலைச் சின்னம் போடுகிறீர்கள். எங்கள் வீடுகளில் கேள்வி இன்னும் நுணுக்கமாக இருக்கும். பால், தயிர் சரி, முட்டை கூடாது. சோற்றைக் கோழிச் சாறில் வேக வைத்தார்களா? பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா? உருளைக்கிழங்கு பொரித்த எண்ணெயில் முன்னால் கோழி பொரித்தார்களா? கவுண்டரில் இருக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது, தெரிய வேண்டும் என்றும் இல்லை. செயலியில் உணவுகளுக்கு ஒவ்வாமைத் தகவல் வைக்க முடிகிறதென்றால், சாறும் கொழுப்பும் என்ன என்று ஒரு வரி சேர்க்கவும் முடியும். டிஸ்னி ஹோட்டலான அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கும் சனா உணவகத்தைத் தமிழ்க் குடும்பங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது சும்மா இல்லை. நான் ரொட்டிகளும் ஒன்பது வகைத் தொடுகறிகளும் வரும், ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரை மேயும். டிஸ்னியின் எப்காட் பூங்காவில் பதினொரு நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. கடைசியாகச் சேர்ந்தது 1988-ல் நார்வே. அதன் பிறகு ஒரு நாடும் இல்லை, இந்தியா இன்றுவரை இல்லை. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு இட்லிக் கடை போட்டால் எங்கே வரிசை நீளும் என்று எனக்குத் தெரியும்.

முதியவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். உடல்நிலை காரணமாக வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு டிஸ்னி தரும் ஏற்பாட்டை 2024-ல் சுருக்கி, முக்கியமாக ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று ஆக்கினீர்கள். யுனிவர்சல் வெளி அமைப்பு ஒன்றின் அட்டையைப் பதிவு செய்யச் சொல்கிறது. பொய் சொல்லி உள்ளே நுழைந்தவர்களால் வந்த வினை இது, புரிகிறது. ஆனால் ஆட்டிசமும் இல்லாமல், சக்கர நாற்காலியும் வேண்டாமல், ஒன்றரை மணி நேரம் நிற்க மட்டும் முடியாத ஒரு பெரிய கூட்டம் நடுவில் இருக்கிறது. சர்க்கரை நோய், மூட்டு வலி, முதுகு வலி. அவர்களுக்குத் தனி வரிசை கூட வேண்டாம். வளைந்து வளைந்து போகும் அந்தக் கம்பித் தடுப்புகளில் பத்தடிக்கு ஒன்றாகச் சாய்ந்து உட்காரும் பலகை போதும். வரிசை நகரும்போது எழுந்து அடுத்த பலகைக்குப் போவார்கள்.

இப்போது நான் கேட்பது. ஒவ்வொரு ரைடின் வாசலிலும் காத்திருக்கும் நேரத்தைப் பலகையில் போடுகிறீர்கள். அதன் கீழே, இந்த மணி நேரத்தில் எத்தனை சதவீத இருக்கை சாதாரண வரிசைக்கு என்றும் போடுங்கள். அதற்கு ஒரு குறைந்தபட்ச வரம்பு வையுங்கள். பாதி என்று வைத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். பாஸ் விற்கும் எண்ணிக்கையை அந்த வரம்புக்குள் நிறுத்துங்கள், ரைடு பழுதானால் வேறு ரைடுக்கு மாற்றிவிடாமல் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். தனியாக வருபவர்களுக்கான வரிசை இரண்டு இடத்திலும் இருக்கிறது, யுனிவர்சலில் அதிகம். காலி இருக்கையை நிரப்பும் நல்ல வழி அது, இலவசமும்கூட. அதை இன்னும் பல ரைடுகளில் திறக்கலாம். குழந்தையோடு வருபவர்களுக்கு அது உதவாது, ஆனால் வாலிபப் பையன்கள் அங்கே போய்விட்டால் எங்கள் வரிசை குறையும்.

நம்பிக்கை இல்லையென்றால் சோதித்துப் பாருங்கள். பள்ளிகள் திறந்த பிறகு செப்டம்பரில் உங்கள் இரண்டு இடத்திலும் கூட்டம் குறையும். அந்த மாதத்தில் ஒரு வாரம், ஆளுக்கு ஒரு பூங்காவில், கட்டண வரிசையை மூடிவையுங்கள். வரிசை தொடங்கும் இடத்தில் ஒருவர் கையில் அட்டை கொடுத்து, ரைடில் ஏறும் இடத்தில் அதை வாங்கி நேரம் அளக்கும் பழக்கம் டிஸ்னியிடம் ஏற்கெனவே இருக்கிறது, யுனிவர்சலுக்கும் அது கடினமில்லை. அந்த வாரத்தின் காத்திருப்பு நேரத்தையும், அதற்கு முந்தைய வாரத்தின் நேரத்தையும் ரைடு வாரியாக வெளியிடுங்கள். யார் முதலில் வெளியிடுகிறார்களோ அவர்களிடம்தான் அடுத்த கோடையில் எங்கள் குடும்பம் டிக்கெட் வாங்கும்.

இப்படிக்கு,
அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரும் ஒரு வாடிக்கையாளர்